டியூஷன் எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு

குன்றாண்டார்கோவிலிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்ப் படிப்பவர்கள் மாலை ஆறரைக்கு முன் டியூஷன் வைக்காதீர்கள். பஸ் தாமதமானால் பிள்ளைகள் வாசலில் காத்துக் கிடப்பார்கள். இடத்துக்குத் திண்ணையே போதும்.

முதல் நாளே பாடத்தைத் தொடங்க வேண்டாம். பள்ளி நோட்டை வாங்கி, சிவப்பு மை விழுந்த கணக்குகளை மறுபடி போடச் சொல்லுங்கள். 42-இல் 17 போனால் 35 என்று எழுதினால் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை. ஏழாம் வகுப்பானாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கட்டணத்தையும், உங்கள் செமஸ்டர் தேர்வுக்கு லீவு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். சொந்தக்காரர் பிள்ளையென்றால் கேட்கக் கூச்சம்தான். அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லலாம். 2021-இல் வந்த தமிழக அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டமே, மாலையில் பாடம் சொல்லித்தந்த தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது.