மெழுகுவர்த்தி அணைந்ததும் நீர் ஏறுவது ஏன்?

மாணவர்களே, ஒரு தட்டில் மெழுகுவர்த்தியை நிற்க வைத்துச் சுற்றிலும் ஒரு விரல் உயரத்துக்கு நீர் ஊற்றுங்கள். நீர் தெளிவாகத் தெரிய இரண்டு சொட்டு ரோஸ் சிரப் விடலாம். வர்த்தியை ஏற்றி, அதன்மேல் ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து மூடுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். சுடர் சிறுத்து அணையும். உடனே தட்டிலுள்ள நீர் விறுவிறுவெனக் குவளைக்குள் ஏறும்.

“சுடர் உயிர்வளியை எரித்துத் தீர்த்துவிட்டது, காலியான இடத்தை நீர் நிரப்புகிறது” என்ற விளக்கத்தை நீங்கள் கேட்டிருக்கலாம். காற்றில் உயிர்வளி ஏறக்குறைய 21 விழுக்காடு. நீரும் சில வேளைகளில் குவளையில் ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும். கணக்குப் பொருந்துவதால்தான் இந்தத் தவறான விளக்கம் இன்னும் உலவுகிறது. நான் சொல்வதற்காக இதை ஏற்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள்.

உயிர்வளி தீர்வதுதான் காரணம் என்றால், சுடர் எரியும்போதே நீர் சிறிது சிறிதாக ஏற வேண்டும். ஆனால் எரியும்வரை அது அவ்வளவாக அசைவதில்லை. அணையும் நேரத்தில்தான் பாய்கிறது. இப்போது அதே குவளைக்குள் மூன்று வர்த்திகளை ஏற்றி மறுபடியும் செய்யுங்கள். குவளை மாறவில்லை, உள்ளே உயிர்வளி கூடவும் இல்லை. நீரோ முன்னைவிட உயரமாக ஏறும்! விளிம்பை உற்றுப் பார்த்தால், குவளையைக் கவிழ்த்த சிறிது நேரத்தில் குமிழிகள் வெளியேறுவதையும் காணலாம். விடை அங்கேதான் இருக்கிறது.

சுடரின் வெப்பத்தால் குவளைக் காற்று விரிந்து, ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து, உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று தட்டு நீரை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. உயிர்வளி கொஞ்சம் செலவாவது உண்மைதான். ஆனால் அது முழுதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடும். செலவான இடத்தின் பெரும்பகுதியைப் புதிதாக உண்டாகும் கரிவளி பிடித்துக்கொள்ளும்.

வெளிக்காற்றுக்கு அவ்வளவு பலமா? கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய 1 கிலோகிராம் பொருளை வைத்ததற்கு ஈடான அழுத்தம் அது. மலாக்கா கடற்கரைக்கு அருகிலுள்ள தாழ்ந்த ஊரான செங்கில் ஏறக்குறைய இதே அழுத்தம்தான். பள்ளியில் ‘தெக்கானான் உடாரா’ என்று படிப்பதும் இதைத்தான்.

கடையில் ‘புங்குஸ்’ கட்டித் தரும் தே ஆயிஸை எடுத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சுகுழாயோடு சேர்த்துப் பையின் வாயை ரப்பரால் இறுகக் கட்டினாலும் குடிக்க முடியும். பை சுருங்கிக்கொண்டே வரும். இனி, ஒரு கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நீர் நிரப்பி, குழாயைச் செருகி, வாயைப் பிளாஸ்டிசினால் இடைவெளியின்றி அடைத்துவிட்டு உறிஞ்சுங்கள். கன்னம் வலிக்கும், நீர் வராது. நாம் உறிஞ்சும்போது வாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறோம், அவ்வளவுதான். மேலே தள்ளும் வேலை வெளிக்காற்றுடையது. மென்மையான பையை அது அழுத்தும்; கண்ணாடிச் சுவரை அதனால் வளைக்க முடியாது.

அந்தப் பலத்துக்கும் எல்லை உண்டு. எவ்வளவு வலுவான பம்பு உறிஞ்சினாலும் நீர் ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் ஏறாது. 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பலரைக் குழப்பிய இந்தப் புதிருக்குக் காரணம் காற்றின் எடையே என்று விளக்கியவர் தோரிச்செல்லி.

அடுத்த பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போனால், ஒரு காலியான நெகிழிப் புட்டியைக் கொண்டு செல்லுங்கள். தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் செங்கில் உள்ளதைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. அங்கேயே புட்டியை இறுக மூடிவிடுங்கள். மலையிறங்கித் தாப்பாவை அடையும்போது அதன் பக்கங்கள் குழிந்திருக்கும். பிறகு மூடியைக் காதருகே வைத்து மெல்லத் திருகுங்கள். அப்போது கேட்கும் ‘புஸ்’ ஓசை, புட்டிக்குள் நுழையும் காற்றின் ஓசை.