பார்மட் அடிக்கும் முன்



தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலுக்கு வந்திருக்கிறாய். சீக்கிரமே ஒரு பாலிடெக்னிக் மாணவர் மடிக்கணினியோடு உன் மேசைக்கு வருவார். விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டுவைத் திறந்தால் ‘வி.டி.-எக்ஸ் இல்லை’ என்று வருகிறதாம். “பார்மட் அடிச்சு விண்டோஸைப் புதுசா போட்டுக் கொடுங்க அண்ணாச்சி” என்பார். காசு வரும் வேலைதான். ஆனால் பெரும்பாலும் அதே பிழை மறுநாளும் திரையில் நிற்கும்.

விர்ச்சுவல்பாக்ஸின் வேலை ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டுவது; அதை ஐ.பி.எம். தன் பெரிய எந்திரங்களில் 1960களிலேயே செய்துவிட்டது. வீட்டுக் கணினியின் எக்ஸ்86 சில்லு அதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. வி.எம்.வேர் 1999இல் மென்பொருளை மட்டுமே வைத்து அதைச் சமாளித்தது. சில்லுக்குள்ளேயே அந்த வசதியை இன்டெல் வி.டி.-எக்ஸ் என்ற பெயரில் 2005 நவம்பரிலும், ஏ.எம்.டி. 2006இலும் கொண்டுவந்தன. ஆனால் எல்லாச் சில்லிலும் வைக்கவில்லை. கோர் 2 டுவோ வரிசையிலேயே இ4500 போன்றவற்றில் அது கிடையாது. 2009இல் விண்டோஸ் 7 வந்தபோது, அதன் ‘எக்ஸ்பி மோட்’ இந்த வசதியைக் கேட்டதால் பலர் ஏமாந்தார்கள். 2010 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அந்த நிபந்தனையை நீக்கியது. ஆகவே பழைய எந்திரம் என்றால் சில்லின் மாடல் எண்ணை முதலில் பார்.

நம் தூத்துக்குடிக் கடலில் 1961இல் முத்துக்குளிப்பு நின்றுபோவதற்கு முன்பு, எடுத்த எடுப்பில் படகுகள் கிளம்பிவிடாது. அதிகாரிகள் முதலில் பாரை, அதாவது சிப்பி வளரும் கடலடித் திட்டை, சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்து, கிடைத்த முத்தை விலை மதிப்பார்கள். தேறினால்தான் அறிவிப்பு வரும். நீயும் விண்டோஸை அழிக்கும் முன் பிழைச் செய்தியைக் கடைசி எழுத்துவரை படி. அதன் குறி ‘ஆல் வி.எம்.எக்ஸ் டிஸேபிள்டு’ என்று முடிந்தால் வசதி பயாஸில் அணைந்திருக்கிறது என்று பொருள். இன்டெல் போர்டில் ‘விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’, ஏ.எம்.டி.யில் ‘எஸ்.வி.எம். மோட்’ என்ற பெயரில் தேடு. பக்கத்திலேயே இருக்கும் வி.டி.-டி வேறு சமாச்சாரம். மாற்றியபின் மின்சாரத்தை முழுதாக நிறுத்தித் திரும்பப் போடு; ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இருந்தால் சாதாரண ஷட்டவுன் முழு ஷட்டவுன் ஆகாது.

குறி ‘நோ வி.எம்.எக்ஸ்’ என்று முடிந்தால்தான் சுவாரசியம். டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. பக்கத்தைத் திற. அங்கே பெரும்பாலும் ‘விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு’ என்று இருக்கும், விர்ச்சுவல்பாக்ஸோ இல்லவே இல்லை என்று சாதிக்கும். இரண்டும் பொய் சொல்லவில்லை. வசதியை விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷன் மென்பொருளான ஹைப்பர்-வி முன்பே கைப்பற்றி உட்கார்ந்திருக்கிறது. ஹைப்பர்-வியை யாரும் நிறுவியிருக்க வேண்டும் என்பதில்லை. விண்டோஸ் 11இன் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ பாதுகாப்பு, டபிள்யூ.எஸ்.எல். 2, டாக்கர் எல்லாம் அதன் மேல்தான் ஓடுகின்றன. விர்ச்சுவல்பாக்ஸ் 6.0 முதல் அதனோடு ஒத்துப்போகவும் முயல்கிறது. அப்போது வேகம் குறையும், சன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைப் படம் தெரியும்.

இங்கே கை துறுதுறுக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிடாதே, தம்பி. டாக்கரில் பாடம் செய்கிறவருக்கு ஹைப்பர்-வி வேண்டும். அதை எடுத்தால் வந்ததைவிட மோசமான நிலையில் எந்திரத்தை அனுப்புகிறாய். விர்ச்சுவல்பாக்ஸுக்காக மெமரி இன்டெக்ரிட்டியை அணைப்பதானால், பாதுகாப்பு குறையும் என்று உரியவரிடம் சொல்லிவிட்டு அணை. சொல்லாமல் செய்வது நல்ல தொழில் இல்லை.

நம்மூருக்கென்று ஒரு கூடுதல் சந்தேகமும் உண்டு. சரிசெய்து கொடுத்த பழைய டெஸ்க்டாப் அதே பிழையோடு திரும்பி வந்தால், கடிகாரத்தைப் பார். தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் போர்டிலுள்ள சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்திருக்கலாம். கரண்ட் போகும்போதெல்லாம் பயாஸ் தன் பழைய அமைப்புக்குத் திரும்பி, விர்ச்சுவலைசேஷனும் அணைந்துவிடும். உப்புக் காற்றில் பேட்டரித் தகடு பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்த்துத் துடை.

பயாஸுக்குள் போகும் முன் டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா என்று கேள். பிட்லாக்கர் இருந்தால் பயாஸ் மாற்றத்துக்குப் பிறகு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று அவர் கடையில் நிற்கும்போதே பார்த்துக்கொள். அவர் திருச்செந்தூர் பஸ் ஏறியபிறகு கேட்டுப் புண்ணியமில்லை.