மூளையும் செம்பும்

செம்பு என்றதும் குடமும் தவலையும் மின்சாரக் கம்பியுமே நம் நினைவுக்கு வருகின்றன. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலிலும் ஏறத்தாழ 100 மில்லிகிராம் செம்பு உண்டு. அஃதின்றி உயிர் வாழ்தல் இயலாது. ஆயின் கட்டுக்கடங்காத செம்பு உயிரணுக்களுக்கு நஞ்சாகும். ஆகவே உடல் அதனைத் தனித்து உலவ விடாமல் புரதங்களுடன் பிணைத்தே வைத்திருக்கிறது.

உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கேயான மூளை, நாம் ஏற்கும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. அவ்வாயுவின் ஒரு சிறு பகுதி 'சூப்பராக்சைடு' என்னும் தீங்கு விளைக்கும் வடிவை அடைகிறது. அதனை அடக்குவது செம்பும் துத்தநாகமும் கொண்ட ஒரு புரதம். 1938-இல் மான், கெய்லின் என்போர் மாட்டிரத்தத்திலிருந்து இதனைப் பிரித்தெடுத்தபோது இதன் தொழில் யாதெனப் புலப்படவில்லை. 1969-இல் மக்கார்டு, ஃப்ரிடோவிச் என்னும் அறிஞர் இருவர் அமெரிக்காவில் விடை கண்டனர். இப்புரதத்தின் மரபணு மாறுதலால் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் கொடிய நோய் சில குடும்பங்களில் தோன்றுவதாக 1993-இல் அறியப்பட்டது. காவல் குறைந்ததே காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் மாறுதலுற்ற புரதங்களுட் சில தம் தொழிலைச் செவ்வனே செய்துகொண்டே நோயை விளைக்கின்றன. புரதம் உருக்குலைந்து திரள்வதே கேடு என்பது இன்றைய கருத்து.

கள ஊழியரும் ஆசிரியரும் சிறப்பாக அறியவேண்டியது வேறொரு நோய். 1912-இல் வில்சன் என்னும் மருத்துவர் விவரித்ததால் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இரத்தத்தில் செம்பைத் தாங்கி நிற்கும் நீலநிறப் புரதம் செருலோபிளாஸ்மின். ஈரலில் செம்பை இப்புரதத்துடன் சேர்த்து, எஞ்சியதைப் பித்தநீர் வழியே வெளியேற்றும் பொறி, இந்நோயாளிகளிடம் பிறவியிலேயே பழுதுற்றிருக்கும். செம்பு முதலில் ஈரலில் தேங்குகிறது. பின்னர் மூளையிலும் கண்ணிலும் படிகிறது. இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் குறைந்திருத்தல் நோயின் அடையாளமேயன்றிக் காரணமன்று. அப்புரதம் அறவே இல்லாப் பிறவிகளின் மூளையில் தேங்குவது செம்பன்று, இரும்பாகும்!

நன்றாக எழுதிவந்த மாணவனின் கையெழுத்து சிதைகிறது, பேச்சு குழறுகிறது, கை நடுங்குகிறது, படிப்பும் குணமும் மாறுகின்றன. இவற்றைச் சோம்பலென்றோ முரட்டுத்தனமென்றோ கொண்டு பிரம்பெடுப்பது கொடுமை. முன்பு மஞ்சட்காமாலை கண்டதுண்டா, உடன்பிறந்தார் எவரேனும் ஈரல் நோயால் இறந்தனரா என்று வினவுதல் வேண்டும். கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த வளையத்தைக் கண் மருத்துவர் கருவியால் காண்பார். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தாலன்றி இந்நோய் தோன்றாது. எனவே நெருங்கிய உறவில் மணம் புரிந்த குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படும். செம்புக் குடத்து நீரால் விளைவதன்று. எனினும் நோய் கண்டபின் அக்குடத்தை விலக்குதல் நன்று.

செம்பைப் பற்றிச் சிறுநீரில் வெளியேற்றும் பெனிசிலமைன் 1956 முதல் வழக்கில் உள்ளது. துத்தநாக உப்புகள் குடலிலேயே செம்பு ஏறாமல் தடுக்கின்றன. மருந்தை வாழ்நாள் முழுவதும் உண்ணவேண்டும். குணமாயிற்றென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரும். நோயாளியின் உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதால், நலமாகத் தோன்றினும் அவர்களையும் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும்.