கஞ்சாவை ஆராயப் போகும் பிள்ளைக்கு

அன்புள்ள பிள்ளை,

கைதடியில் சித்த மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு, கஞ்சா சேரும் மருந்துகளை ஆராயப் போவதாக எழுதியிருந்தீர். மிகவும் சந்தோஷம். சுத்தி முறைகளை உமது ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற உமக்குக் கஞ்சா ஒரு மருந்துச் சரக்கு. பொலிஸ் பிடித்து, வழக்கு முடிந்து, நீதிமன்றம் விடுவித்ததுதான் ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாலைந்து வருடம் பழசாகி வீரியம் கெட்டுத்தான் வருகிறது என்று 2017இல் இலங்கையின் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்னவே சொன்னார். 2025இல் ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு, ஏற்றுமதிக்கென்று மீரிகமவில் 64 ஏக்கரில் பயிரிட அனுமதி கிடைத்தது. ஆளுக்கு 50 இலட்சம் டொலர் முதலிட வேண்டும். ஆனால் வடமராட்சிக் கரையில் ‘கேரளக் கஞ்சா’ப் பொதியோடு பிடிபடும் கடற்றொழிலாளிக்கும், சந்தியில் ஒரு சரையோடு அகப்படும் பெடியனுக்கும் மறியல். இந்த அநியாயத்தை ஒதுக்கிவிட்டு மருந்தின் குணத்தை மட்டும் எழுதினால் உமது ஆய்வு முழுமையாகாது.

ஆகவே கரைக்குப் போம். பெண்களிடம் முதலில் கேளும். கணவன் மறியலில் இருக்க, சட்டத்தரணிக்குக் காசு கொடுக்க எந்த நகை அடைவுக்குப் போனது, எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றது என்று அவர்களுக்குத்தான் தெரியும். 1893–94இல் இந்தியாவில் ஆங்கிலேய அரசு அமைத்த கஞ்சா ஆணைக்குழுகூட ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டது. நாட்டு வைத்தியர்களும் அதில் இருந்தார்கள். இன்று கொள்கை எழுதுபவர்கள் இந்தப் பெண்களைக் கேட்பதாகத் தெரியவில்லை.

ஆய்வுக்கான சம்மதப் படிவத்தில் கவனமாயிரும். தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்த அனுபவம் இங்கே பல குடும்பங்களுக்கு உண்டு. உமது தாளைக் கண்டதும் அதுதான் அவர்களுக்கு நினைவுக்கு வரும். எல்லாவற்றையும் தமிழில் வாசித்துக் காட்டும். பெயர் வேண்டாம், அடையாள அட்டை இலக்கம் வேண்டவே வேண்டாம். வாய்ச் சம்மதம் போதும் என்று ஒழுக்கநெறிக் குழுவிடம் வாதாடும். 2023 டிசெம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ என்ற பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேர் கைதானார்கள். உமது கொப்பி யார் கையில் அகப்பட்டாலும் ஒருவரும் மாட்டக்கூடாது.

கஞ்சா தீங்கற்றது என்று நிறுவும் ஆவலோடும் போகாதீர். இளவயதில் நாளாந்தம் புகைப்பது மனநோயைத் தூண்டக்கூடும். அதையும் ஒளிக்காமல் எழுதும். ஆனால் நோயாளிக்கு வேண்டியது வைத்தியம், அடைத்து வைப்பதல்ல. இராணுவம் நடத்திய கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022இல் ஒருவர் இறந்ததும் நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். அங்கே இருந்து வந்தவர்கள் யாரும் உம்மோடு பேசச் சம்மதித்தால், அவசரப்படாமல் இருந்து கேளும்.

முடிவுகளை ஆங்கிலச் சஞ்சிகைக்கு அனுப்புமுன், கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் தமிழில் வாசியும். பிழை என்று அவர்கள் சொல்லும் இடங்களைத் திருத்தும். திருத்த முடியாதென்றால் அவர்களுடைய மறுப்பையும் சேர்த்து அச்சிடும்.

அன்புடன்,
உமது மாமா