உலகம் சுற்றிய புகைப்படக் கலைஞர்

காலையில் செய்தித்தாளை விரித்த அளவில் நம் கண்கள் முதற்கண் நாடுவன எழுத்துகள் அல்ல, படங்களே. எங்கோ ஒரு நாட்டில் ஆறு பெருகி ஊர் அழிந்தது என்று பத்து வரிகளிற் படிக்கும்போது தோன்றாத இரக்கம், கூரையின்மேல் ஏறி நின்று கை நீட்டும் ஒரு தாயின் படத்தைக் கண்டவுடன் உள்ளத்திற் சுரக்கின்றது. அப்படத்தில் தாய் இருக்கின்றாள், கூரை இருக்கின்றது, வெள்ளமும் இருக்கின்றது. படம் எடுத்தவர் மட்டும் அதில் இல்லை. ஆயினும் அவரும் அவ்வெள்ளத்தின் நடுவே எங்கோ நின்றிருத்தல் வேண்டும் அன்றோ? இவ்வாறு நாடு நாடாகச் சென்று, போரும் புரட்சியும் விழாவும் துயரமும் நிகழும் இடங்களிலெல்லாம் நின்று, கண்டவற்றைப் படமாக்கி உலகிற்கு அளிப்பவரைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்பர். அத்தொழிலுக்கு இலக்கணம் வகுத்தவர்களுள் முன்னிற்பவர் பிரெஞ்சு நாட்டினராகிய ஆன்றி கார்த்தியே பிரெசோன் என்பவர்.

பிரெசோன் 1908ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் பாரிசு நகருக்கு அணித்தாக உள்ள ஓர் ஊரில் தோன்றினார். நூல் உற்பத்தி செய்து பெரும்பொருள் ஈட்டிய குடும்பம் அது. குடும்பத் தொழிலை மைந்தர் ஏற்று நடத்துவார் என்று பெற்றோர் எண்ணினர். மைந்தரின் மனமோ ஓவியத்தில் ஈடுபட்டது. ஆந்திரே லோத் என்ற ஓவியரிடம் அவர் முறையாகப் பயின்றார். ஒரு சட்டத்தினுள் எந்த உருவம் எங்கே அமைதல் வேண்டும் என்னும் ஒழுங்கு அங்கேதான் அவர் கண்களிற் படிந்தது. வயிற்றுப்பாட்டிற்காக உழைக்க வேண்டிய நிலை இளமையில் அவருக்கு இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. விரும்பிய கலையைத் தேடி அலையும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதன்று.

1931இல் அவர் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் பகுதிக்குச் சென்று வேட்டையாடி வாழ்ந்தார். அங்கே கொடிய காய்ச்சல் பற்றி, இறப்பின் வாயிலை எட்டிப் பார்த்து மீண்டார். தாயகம் திரும்பிய பின், ஆப்பிரிக்கச் சிறுவர் மூவர் ஏரி அலைக்குள் பாய்ந்தோடும் ஒரு புகைப்படத்தைக் கண்டார். அங்கேரி நாட்டவரான மார்ட்டின் முங்காச்சி எடுத்த படம் அது. ஓடும் கால்களையும் தெறிக்கும் நீரையும் ஒரு நொடியில் பிடித்து நிறுத்த இயலுமா என்ற வியப்பே அவரை இத்தொழிலிற் கொண்டு சேர்த்தது.

அக்காலத்துச் செய்திப் படக்காரர் பலர் பெரிய காமிராவைச் சுமந்து, கண்ணைப் பறிக்கும் மின்னொளி வீசிப் படமெடுத்தனர். ‘இதோ படம் எடுக்கின்றேன்’ என்று ஊருக்கெல்லாம் பறைசாற்றுவது போன்றது அம்முறை. பிரெசோன் வாங்கியது ‘லைக்கா’ என்னும் சிறு கருவி. திரைப்படத்திற்குப் பயன்படும் பிலிமையே கொண்டு, ஒரு சுருளில் 36 படங்கள் எடுக்க வல்லது அது, கைக்குள் அடங்குவது, ஓசை மிகுதியாக எழுப்பாதது. அதன் பளபளப்பான உலோகப் பகுதிகளையும் அவர் கருமையாக்கி மறைத்துக்கொண்டார். மின்னொளியை அறவே தவிர்த்தார். பிறர் முகத்தில் ஒளியை வீசி அடித்தல் அவருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றியது. எடுத்த படத்தின் ஓரங்களைப் பின்னர் வெட்டித் திருத்துவதையும் அவர் பெரும்பாலும் விரும்பவில்லை. காணும்போதே சரியாகக் காணுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

கருவி சிறிதாயிற்று, அதனால் அவர் பார்வை எங்கே சென்றது என்பதையே நாம் கருத்தில் கொள்ள வேண்டும். 1937ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நடைபெற்றது. படக்காரர் அனைவரும் மன்னரின் தேரை நோக்கினர். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்காகச் சென்றிருந்த பிரெசோன், தேருக்கு முதுகு காட்டி, வேடிக்கை பார்க்கத் திரண்ட மக்களை நோக்கி நின்றார். உயர்ந்த சுவர்மீது நெருங்கி அமர்ந்து ஊர்வலத்தை எதிர்நோக்கும் மக்கள்; அவர்தம் காலடியில், செய்தித்தாள் குவியலின்மேல் அயர்ந்து உறங்கும் ஒருவன்! மன்னரின் உருவம் இல்லாமலே முடிசூட்டு விழா முழுதும் அப்படங்களில் விளங்குகின்றது.

இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையிற் பணியாற்றிய அவர், 1940ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முகாம்களில் கடும் உழைப்புச் செய்தார். இருமுறை தப்பியோடிப் பிடிபட்டார். 1943இல் மூன்றாம் முறை வெற்றி பெற்றார். சிறைப்படுவதற்கு முன் மண்ணிற் புதைத்து வைத்திருந்த தம் காமிராவை அவர் மீண்டும் தோண்டி எடுத்தார்.

போர் முடிந்த 1945இல் ஜெர்மனியின் தெஸ்ஸோ நகரில் அவர் எடுத்த படம் ஒன்று ஊன்றிக் காணத் தக்கது. சிறை மீண்டோர் தங்கிய முகாம் அது. மேசைக்கு எதிரே ஒரு பெண் தலைகவிழ்ந்து நிற்கின்றாள். ஜெர்மானிய இரகசியப் போலீசாருக்குப் பிறரைக் காட்டிக் கொடுத்தவள் அவள். அவளை அடையாளம் கண்டுகொண்ட மற்றொரு பெண் பல்லைக் கடித்துச் சினந்து அவள்மேற் பாய்கின்றாள். சுற்றி நிற்போருள் கோடிட்ட சிறையுடை அணிந்த ஒருவரும் இருக்கின்றார். செய்தி அறியாதவர் இப்படத்தைக் காண்பாராயின், தலைகவிழ்ந்தவளுக்கே இரங்குவர். சினந்தவளையே கொடியவள் என்பர். உண்மையோ வேறு. தாமும் சிறையில் வாடியவராயிருந்தும், ஒரு பக்கம் சாய்ந்து நின்று, ஒருத்தியை அரக்கியாகவும் மற்றவளைத் தேவியாகவும் பிரெசோன் காட்டவில்லை. துன்புற்றவர் முகத்திலும் வெறுப்பு எவ்வாறு குடிபுகுகின்றது என்பதை உள்ளவாறே காட்டிவிட்டார். படத்தின் கீழ் எழுதப்படும் குறிப்பு எத்துணை இன்றியமையாதது என்பதும் இதனாற் புலனாகும்.

அவர் போரில் மாண்டார் என்று கருதி நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தார் நினைவுக் கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினர். 1947இல் அக்கண்காட்சி திறக்கப்பட்டபோது, மாண்டவரே நேரில் வந்து நின்றார்! அதே ஆண்டில் இராபர்ட் காப்பா, டேவிட் செய்மூர், ஜார்ஜ் ரோட்ஜர் முதலிய தோழர்களுடன் கூடி ‘மாக்னம்’ என்னும் கூட்டுறவு நிறுவனத்தை நிறுவினார். அதற்குமுன் படத்தின் உரிமை பெரும்பாலும் பத்திரிகை முதலாளிகளிடமே தங்கிவிடும். அவர்கள் விரும்பியவாறு வெட்டலாம், விரும்பிய குறிப்பை எழுதலாம். எடுத்தவருக்கே படம் உரியது என்னும் நெறியை மாக்னம் நிலைநாட்டியது. தோழர்கள் உலகைப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ள, இந்தியாவும் கீழை நாடுகளும் பிரெசோனுக்கு வாய்த்தன. அவருடைய மனைவியார் இரத்னா மோகினி ஜாவாத் தீவைச் சேர்ந்த நடனக் கலைஞர். ஆதலின் ஆசியா அவருக்கு முற்றிலும் அயல்நிலம் அன்று.

1947இல், நாடு பிளவுண்ட துயரத்தினிடையே, அவர் இந்தியா வந்தார். குருக்ஷேத்திரத்தில் சுமார் 3 லட்சம் அகதிகள் தங்கியிருந்த முகாமுக்குச் சென்றார். வீடிழந்து செயலற்றுக் கிடந்த மக்களின் சோர்வை நீக்க அங்கே உடற்பயிற்சி நடத்தினர். கைகளை உயர்த்தி அவர்கள் ஆடும் படத்தைப் பார்ப்பவர், அது விழாவோ என ஐயுறுவர். இடுக்கண் உற்ற மக்களை அழுத கண்ணோடு மட்டுமே காட்ட வேண்டும் என்னும் வழக்கத்திற்கு அவர் அடிமைப்படவில்லை.

1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் பிற்பகல், தில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளைக் கண்டு, தம் படங்கள் அடங்கிய நூலை அவரிடம் காட்டினார். அடிகள் ஏடு ஏடாகப் புரட்டினார். சாலையிற் செல்லும் சவவண்டியைக் கவிஞர் போல் குளோதேல் நோக்கி நிற்கும் படம் வந்தபோது, நெடிது பார்த்து அதன் பொருளை வினவினார் என்று பிரெசோன் பின்னாளிற் கூறியுள்ளார். விடைபெற்றுச் சென்ற சிறிது நேரத்தில் அடிகள் சுடப்பட்டார் என்ற கூக்குரல் தெருவெங்கும் எழுந்தது. பிரெசோன் திரும்பி ஓடினார்.

அன்றிரவு மாளிகையின் வாயிலில் நேரு பெருமகனார் நின்று, அடிகள் மறைந்த செய்தியை மக்களுக்கு அறிவித்தார். தெருவிளக்கின் மங்கிய ஒளியன்றி வேறொளி இல்லை. பிரெசோன் எடுத்த படத்தில் உருவங்கள் தெளிவாக இல்லை, இருளே மிகுந்திருக்கின்றது. மின்னொளி வீசி எடுத்திருப்பின் முகங்கள் நன்கு விழுந்திருக்கும். ஆனால் அவ்விருள் விழுந்திராது. அன்றிரவு இந்நாடு இருந்த நிலை அவ்விருளே அன்றோ? அதே இரவில் மாளிகையினுள் மின்னொளி வீசிப் படமெடுத்த வேறொரு நிருபர், துயருற்றோரின் சினத்திற்கு ஆளாகி வெளியேற்றப்பட்டார். செய்தியை உலகிற்கு அளித்தல் கடமைதான். எனினும், அழுவோர் வீட்டில் எவ்வாறு நிற்பது என்பதையும் அக்கடமை உட்கொண்டிருக்கிறது.

பின்னர் அவர் சீனம் சென்றார். 1948 டிசம்பரில் ஷாங்காய் நகரில் காகிதப் பணம் மதிப்பிழந்தது. ஒருவருக்கு 40 கிராம் பொன் விற்கப்படும் என்ற அறிவிப்பைக் கேட்டு, மக்கள் வங்கியின்முன் முண்டியடித்தனர். நெரிசலில் சிலர் உயிரும் இழந்தனர். ஒருவரையொருவர் இறுகப் பற்றி, மூச்சுத் திணறி நெளியும் அவ்வரிசையின் படம் ஓர் ஆட்சி சரிவதைப் பல பக்கக் கட்டுரையினும் நன்கு விளக்குகின்றது.

1950 ஏப்ரலில் அவர் தமிழ்நாட்டிலும் இருந்தார். திருவண்ணாமலையில் நோயுற்றிருந்த இரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்தார். ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, ஒளிமிக்க விண்மீன் ஒன்று வானில் மெல்ல நகர்ந்து அருணாசல மலையை நோக்கிச் செல்லக் கண்டு, உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மணி 8-47. மகரிஷி மறைந்த நேரமும் அதுவே எனப் பின்னர் அறிந்தார். அத்திங்களிலேயே, அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்று, நெடுங்காலமாக எவரும் படமெடுக்காத அரவிந்தரைப் படமெடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அரவிந்தரும் மறைந்தார்.

இத்தொழிலின் இடர் சிறிதன்று. 1954இல் காப்பா இந்தோசீனத்தில் கண்ணிவெடிக்குப் பலியானார். 1956இல் செய்மூர் சூயஸ் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். பிரெசோன் மட்டும் ஸ்டாலினுக்குப் பிந்திய சோவியத்து நாடு உட்படப் பல நாடுகளில் உலவி, 1970களில் காமிராவைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்து, இளமையில் விட்ட ஓவியத்திற்கே திரும்பினார். 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், 96ஆம் பிறந்தநாளுக்கு 19 நாட்கள் இருக்கையில் இயற்கை எய்தினார்.

உலகோர் முகங்களையெல்லாம் பதிவு செய்த அவர், தம் முகத்தைப் பிறர் படமெடுப்பதை விரும்பவில்லை. முகம் அறியப்பட்டுவிட்டால் தெருவில் எவரும் அறியாமல் நிற்றல் இயலாது என்பது காரணம். 1975இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது. படக்காரர்கள் சூழ்ந்தபோது, அவர் கையிலிருந்த தாள் ஒன்றை உயர்த்தித் தம் முகத்தை மறைத்துக்கொண்டார்.