ஆகாயப் பிரயாணமும் சில தப்பெண்ணங்களும்

2024-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி, லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானமொன்று மியன்மாரின் தென்பகுதிக்கு மேலே கடுமையான குலுக்கலில் அகப்பட்டு, 73 வயதான பிரிட்டிஷ் பிரயாணி ஒருவர் உயிர் நீக்கவும், பலர் படுகாயமுறவும் நேர்ந்தபோது, 'விமானம் 3 நிமிஷத்தில் 6,000 அடி விழுந்தது' என்ற செய்தி உலகமெங்கும் பரவிற்று. பேரக் குழந்தையைப் பார்க்க அமெரிக்காவுக்குப் புறப்படுவதற்காக ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிவைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பெற்றோர் அதைப் படித்துவிட்டு அன்றிரவு தூங்கியிருக்க மாட்டார்கள்.

சில தினங்களில் சிங்கப்பூர் அரசாங்கத்தின் விசாரணைப் பிரிவு, விமானத்திலிருந்த பதிவுக் கருவிகளைப் பரிசோதித்து, முதற்கட்ட விவரங்களை வெளியிட்டது. குலுக்கலின்போது விமானம் திடீரென்று இழந்த உயரம் 178 அடி. அதற்கு ஆன நேரம் 4.6 விநாடி. 6,000 அடி இறங்கியதும் மெய்தான். ஆனால் அது குலுக்கல் அடங்கி ஏறக்குறைய 17 நிமிஷங்கள் கழித்து, காயமுற்றோரைப் பாங்காக்கில் சேர்ப்பிக்க வேண்டி, விமானி தாமே முறைப்படி இறக்கிய இறக்கமேயன்றி வீழ்ச்சியன்று. இந்தத் திருத்தம், முதற் செய்தி சென்ற தூரத்தில் பாதிகூடச் சென்றதாகத் தோன்றவில்லை.

178 அடியைப் பாதாளமென்று உடம்பு முறையிடுவது அதன் குற்றமன்று. நம் உட்செவியில் அமைந்த சமநிலை உறுப்பு வேகத்தில் உண்டாகும் மாறுதலை அறியுமேயல்லாமல், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதை அறியாது. பூமியில் நடமாடுவதற்கென்று அமைந்த அந்த உறுப்பு, கண்ணுக்கு ஓர் அடையாளமும் தென்படாத ஆகாயத்தில், அரை விநாடிச் சரிவை மகா வீழ்ச்சியாக எண்ணிக் கூக்குரலிடுவது இயல்பே. விமானப் பிரயாணத்தைப் பற்றி நம்மிடையே நிலவும் தப்பெண்ணங்களில் பெரும்பாலானவை, இந்த உடம்பின் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை இல்லாமல் அப்படியே ஒப்புக்கொண்டதன் பலனாகப் பிறந்தவையே என்பது என் அபிப்பிராயம்.

'ஆகாயத்தில் ஆங்காங்கே காற்றே இல்லாத ஏர் பாக்கெட் உண்டு. அதில் சிக்கினால் விமானம் கல்லைப்போல் விழும்' என்பது அவற்றுள் மிகப் பழையது. வாயுமண்டலத்தில் அப்படிப்பட்ட சூனியப் பிரதேசம் எதுவுமில்லை. மேலெழும் காற்றும் கீழிறங்கும் காற்றும், வேகமாக ஓடும் காற்றும் மெதுவாக ஓடும் காற்றும் சந்திக்குமிடத்தில் உண்டாகும் கலக்கத்தையே நாம் குலுக்கலாக உணர்கிறோம். பருவமழைக் காலத்து வங்காள விரிகுடாவின்மீதும், பூமத்திய ரேகைக்கு அருகிலும் ஓங்கி எழும் மேகக் கூட்டங்களின் பக்கத்தில் இது சகஜம்; மேகமே இல்லாத தெளிந்த வானத்திலும் உண்டு. இறக்கை ஒடிந்துவிடுமோ என்று ஜன்னல் வழியாக அதன் நுனி ஆடுவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1995-ஆம் வருஷம் ஜனவரியில் போயிங் கம்பெனியார் தங்கள் 777 விமானத்தின் இறக்கைகளை, அவை முறியும்வரை வளைத்துப் பார்ப்பதென்றே முடிவுசெய்து, மேல்நோக்கி இழுத்தார்கள். நுனி சுமார் 24 அடி மேலே வளைந்து, பறக்கும் காலத்தில் நேரக்கூடிய உச்சபட்ச பாரத்தின் 154 சதவீதத்தை எட்டிய பின்னரே அவை ஒடிந்தன. வளையாத இறக்கையைக் கண்டால் அல்லவா கவலைப்பட வேண்டும்!

எனினும் குலுக்கலில் அபாயமே இல்லையென்று சமாதானம் சொல்வதும் சத்தியமாகாது. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, வட அட்லாண்டிக் சமுத்திரத்தின்மீது தெளிந்த வானத்தில் நேரும் கடுமையான குலுக்கல், 1979-க்கும் 2020-க்கும் இடையில் 55 சதவீதம் பெருகியிருக்கிறது. ஆனால் குலுக்கலில் அடிபடுவது பெரும்பாலும் விமானமன்று, சீட் பெல்ட் அணியாத மனிதர். விளக்கு அணைந்த மறுகணமே பெல்ட்டை அவிழ்த்துவிட்டுக் காலை நீட்டும் தைரியசாலியைவிட, பதினான்கு மணி நேரமும் அதை இடுப்பில் தளர்வாக மாட்டிக்கொண்டு நடுங்கும் பயந்தாங்கொள்ளியே விவேகி. பணிப்பெண்கள் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிச் சென்று பூட்டிவிட்டு அவசரமாக உட்காருவதைக் கண்டு, 'ஏதோ நடக்கப்போகிறது' என்று முகம் வெளிறுகிறவர்களும் இதை நினைவில் கொள்ளலாம். நின்றுகொண்டிருப்பவரும் பூட்டப்படாத வண்டியும் கூரையில் மோதக்கூடாது என்பதற்காகவே அவர்கள் உட்காருகிறார்கள்.

இனி, விமானம் கிளம்பிய முதல் சில நிமிஷங்களுக்கு வருவோம். அச்சமுடையவர்களுக்கு இதைவிடக் கொடிய வேளை கிடையாது. ஓடுபாதையை விட்டு எழும்பியதும் காலடியில் 'தடால்' என்றொரு சத்தம் கேட்கும். அது சக்கரங்கள் உள்ளே மடங்கிக் கதவுகள் மூடிக்கொள்ளும் சத்தம். பிறகு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு அடி உயரத்தில், சட்டென்று என்ஜின் ஓசை தணிந்து, மூக்கு சற்றே தாழ்ந்து, வயிறு மேலே எழும்புவதுபோல் ஓர் உணர்ச்சி தோன்றும்; உடம்பு உடனே, 'என்ஜின் நின்றுவிட்டது, விழுகிறோம்' என்று தீர்ப்புக் கூறிவிடும். மெய்யாக நடப்பது என்னவென்றால், தரையை விட்டு எழும்பத் தேவைப்பட்ட முழுச் சக்தி இனி வேண்டாமென்று விமானி அதைக் குறைக்கிறார். ஏற்றத்தின் விரைவு குறைகிறதேயொழிய, விமானம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. இறக்கையின் பின்புறத்து மடல்களை உள்ளிழுக்கும் மோட்டாரின் முனகல் அடுத்தாற்போல் வரும். ஏர்பஸ் 320 வகை விமானமாக இருந்தால், நிலையத்தை விட்டு நகரும் முன்பே தரைக்கடியில் நாய் குரைப்பதுபோல் ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்பதுண்டு. அது எண்ணெய் அழுத்தத்தைச் சமன்செய்யும் ஒரு பம்பின் வேலை. தரையில் இறங்கியபின் எழும் பேரிரைச்சலோ, என்ஜினின் காற்றை எதிர்ப்புறமாகத் திருப்பி வேகத்தைத் தணிப்பதனால் உண்டாவது. இந்தச் சத்தங்களின் வரிசையை முன்கூட்டியே அறிந்து ஏறுகிறவருக்குப் பாதிப் பீதி அங்கேயே குறைந்துவிடும்.

என்ஜின் மெய்யாகவே நின்றுவிட்டாலோ? அப்போதும் விமானம் கல்லாகிவிடுவதில்லை. இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்ட சைக்கிளைப்போல், உயரத்தைச் செலவழித்துத் தூரத்தைச் சம்பாதித்துக்கொண்டு, 100 கிலோமீட்டருக்கு மேல் மிதந்து செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. 1982-ஆம் வருஷம் ஜூன் 24-ஆம் தேதி இரவு, லண்டனிலிருந்து பம்பாய், சென்னை, கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து செல்லவேண்டிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம், ஜாவாவுக்குத் தெற்கே கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலினூடே புகுந்து, 37,000 அடி உயரத்தில் நான்கு என்ஜின்களையும் ஒன்றன்பின் ஒன்றாக இழந்தது. எரிக் மூடி என்ற விமானி, நிமிஷக்கணக்காக அதை வெறுமனே மிதக்கவிட்டு இறக்கி, சாம்பலைக் கடந்தபின் என்ஜின்களை மறுபடி உயிர்ப்பித்து, பார்வை மங்கிய முன்கண்ணாடியோடு ஜகார்த்தாவில் இறக்கினார். உள்ளிருந்த 263 பேரில் ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை. 2001 ஆகஸ்டில் அட்லாண்டிக்கின்மீது எரிபொருள் முழுவதும் தீர்ந்துபோன ஏர் டிரான்சாட் விமானமும் அவ்வாறே மிதந்து சென்று அசோர்ஸ் தீவில் இறங்கிற்று. அதிலிருந்த 306 பேரும் பிழைத்தார்கள்.

'யாராவது பைத்தியக்காரன் நடுவானில் கதவைத் திறந்துவிட்டால்?' என்ற கேள்விக்கு நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. உயரே பறக்கும்போது உள்ளிருக்கும் காற்றழுத்தம் கதவை அதன் சட்டத்தோடு டன் கணக்கான பலத்துடன் அழுத்திப் பிடித்திருக்கிறது. பீமசேனனாலும் அசைக்க முடியாது. 2023-இல் தென் கொரியாவில் ஒருவர் கதவைத் திறந்தது, விமானம் இறங்கும் தறுவாயில் தரைக்கு 700 அடி உயரத்தில் வந்து, உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட பின்னர்தான். அந்த விமானமும் பத்திரமாகவே தரை சேர்ந்தது.

புள்ளிவிவரத்தை எடுத்துக்காட்டினால் பயம் தீர்ந்துவிடும் என்று எண்ணும் நண்பர்களிடமும் எனக்கு நம்பிக்கையில்லை. 2018 முதல் 2022 வரையிலான காலத்தில், உலகில் விமானமேறிய 1 கோடியே 37 லட்சம் தடவைக்கு ஒரு மரணம் என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆர்னால்டு பார்னெட் கணக்கிட்டிருக்கிறார். இந்தியச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் மாண்டவர்களோ 1,68,491 பேர். கணக்குச் சரிதான். ஆனால் 2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில், லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் விழுந்து, அதிலிருந்த 242 பேரில் ஒருவர் தவிர மற்ற அனைவரும் மாண்டதைத் தொலைக்காட்சியில் கண்டவனுடைய நெஞ்சுக்கு, வகுத்தல் கணக்கு என்ன ஆறுதல் தரும்? பயம் கணக்கினால் வந்ததன்று, கணக்கினால் போவதுமன்று.

மாத்திரையும் மதுவும் ஏகோபித்த சிபாரிசு பெறுபவை. மது தூக்கத்தைக் கெடுத்து, போதை தணியும் வேளையில் படபடப்பைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. மாத்திரையைப் பற்றி ஸ்டான்ஃபோர்டில் வில்ஹெல்ம், ராத் என்ற இருவர் செய்து 1997-இல் வெளியிட்ட சோதனை யோசிக்கத்தக்கது. விமான பயமுடைய பெண்களில் ஒரு பகுதியினருக்கு அல்பிரஸோலமும், மற்றோருக்கு வெறும் போலி மாத்திரையும் கொடுத்துப் பறக்கவைத்தார்கள். மருந்து உண்டவர்கள் முதற் பிரயாணத்தில் தங்களுக்குப் பயம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் நாடி மற்றோருடையதைவிட வேகமாக ஓடிற்று. ஒரு வாரம் கழித்து மருந்தில்லாமல் பறந்தபோது, போலி மாத்திரை உண்டவர்களைவிட அவர்களே அதிகமாக அவதியுற்றார்கள். நெடும் பிரயாணத்தில் மருந்தின் மயக்கத்தில் அசையாமல் கிடப்பதனால் காலில் இரத்தம் உறையும் அபாயமும் சேரும். வேறு நோய்க்காக வைத்தியர் கொடுத்த மருந்தை இதனால் யாரும் நிறுத்திவிடவேண்டாம். அடுத்த வீட்டார் கொடுக்கும் மாத்திரையைத்தான் சொல்கிறேன்.

'மூச்சு முட்டுகிறது, இருதயம் நின்றுவிடும்' என்று தோன்றுவதும் உடம்பின் பொய்ச்சாட்சியமே. உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்கு ஒப்பானது. உதகமண்டலமே 7,350 அடி உயரத்தில்தான் இருக்கிறது. உள்ளிருக்கும் காற்று இரண்டு மூன்று நிமிஷங்களுக்கொருமுறை மாறிக்கொண்டேயிருக்கும். இருதய நோயும் நுரையீரல் நோயும் உள்ளவர்கள் முன்னதாக வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றையோருக்கு அந்தத் திணறல், பீதியினால் வேகமாக மூச்சு வாங்குவதன் விளைவு. அது பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்தை எட்டி, தானே தணியும். அதை எதிர்த்துப் போராடாமல், 'வந்தாயா, இரு' என்று விட்டுவிட்டு, மூச்சை உள்ளிழுத்த நேரத்தைவிட இருமடங்கு நேரம் மெல்ல வெளிவிட்டுக்கொண்டிருப்பதே தக்க உபாயம். காபியைக் குறைத்துக்கொள்வதும், குலுக்கல் குறைவாகத் தெரியும் இறக்கைக்கு நேரான ஆசனத்தை முன்பதிவின்போதே கேட்டு வாங்குவதும் உதவும்.

பயப்படுவது கோழைத்தனம் என்பது எஞ்சியிருக்கும் தப்பெண்ணம். ஹாலந்து தேசத்துக் கால்பந்து வீரர் டென்னிஸ் பெர்க்காம்ப் 1994-க்குப் பின் விமானமேறவே மறுத்தவர். மைதானத்தில் அவரைக் கோழையென்று சொல்லத் துணிந்தவர் எவருமில்லை. ஆயினும், பயம் முற்றும் ஒழிந்த பிறகுதான் ஏறுவேன் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டேயிருப்பார். ஏனெனில், பலமுறை ஏறி, ஒன்றும் நேராமல் இறங்கிய அனுபவத்தினால்தான் அது தேயும் என்பதே மனோதத்துவ வைத்தியர்களின் அனுபவம். தனியே முடியாதவர்கள் அத்தகைய வைத்தியரிடம் சில வாரங்கள் பழகிக்கொள்ளலாம். மற்றவர்கள், விமானத்துள் காலடி வைக்கும்போதே வாசலில் நிற்கும் பணியாளரிடம் 'எனக்குப் பயமாயிருக்கிறது' என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்பது அவர்களுக்குப் புதிதன்று.