பீரங்கிக் குண்டில் போன மூவர்

முதுகலை வகுப்பில் பௌதிகம் பயிலும் ஒருவன், சிறுவர்க்கென எழுதிய விண்வெளிக் கதைகளைத் தேடிப் படிப்பது காலத்தை வீணாக்குவது ஆகாதா என்று நம் சங்கத்து நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல வினாதான். விடையைப் பௌதிக முறையிலேயே சொல்லிப் பார்க்கிறேன். படிப்பவர்கள் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் அருகில் வைத்துக்கொள்வது நலம்.

இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் மூத்தது, பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1865இல் எழுதிய சந்திரப் பயண நாவல். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டது. பீரங்கி செய்வதில் வல்லவர்களுக்கு வேலை இல்லை. சும்மா இருக்க மனமில்லாத அவர்கள் சந்திரனையே குறிபார்க்கிறார்கள். 900 அடி நீளமுள்ள பீரங்கியைத் தரைக்குள் செங்குத்தாக வார்க்கிறார்கள். அதில் 4 இலட்சம் இராத்தல் வெடிபஞ்சைத் திணித்து, அதன்மேல் அலுமினியக் குண்டை வைக்கிறார்கள். குண்டுக்குள் மூன்று மனிதர்கள், இரண்டு நாய்கள், சில கோழிகள்! நொடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகத்தில் குண்டு கிளம்புகிறது. பூமியின் பிடியை விட்டு அகல அவ்வளவு வேகம் தேவை என்பது சரியான கணக்கே. அதைச் சரியாகப் போட்டவர் அடுத்த கணக்கைப் போடவில்லை.

அதை நாம் போடுவோம். வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். 900 அடி என்பது 274 மீட்டர். குண்டு பீரங்கியைக் கடக்க எடுக்கும் நேரம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. முடுக்கமோ பூமி ஈர்ப்பைப் போல் 22,500 மடங்கு! 60 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தக் கணத்தில் 1,350 டன் எடையாகிவிடுவார். சந்திரயான்-3ஐச் சுமந்து சென்ற எல்.வி.எம்.-3 இராக்கெட்டின் முழு எடையே 640 டன்தான். ஆக, நம் வீரர் ஒவ்வொருவர் மீதும் இரண்டு இராக்கெட்டுகளை ஏற்றி வைத்தது போலாகும். இதற்கு வெர்ன் செய்த பாதுகாப்பு, காலடியில் ஒரு தண்ணீர் மெத்தை. அவருடைய துணிவைப் பாராட்டலாம். மெத்தையைப் பாராட்ட முடியாது.

இந்தக் கணக்கை ஏற்கனவே ஒரு சிறுவன் போட்டிருக்கிறான். திரான்சில்வேனியாவில் வாழ்ந்த ஜெர்மன் மொழிச் சிறுபான்மைக் குடும்பத்தில் 1894இல் பிறந்தவன். பெயர் ஹெர்மன் ஓபெர்த். பதினொரு வயதில் வெர்னின் சந்திரக் கதைகளைப் படித்தான்; திரும்பத் திரும்பப் படித்தான். பிறகு பென்சிலை எடுத்தான். உள்ளே இருப்பவர் பிழைக்கமாட்டார் என்று கண்டதும், கதை பொய் என்று புத்தகத்தை எறியவில்லை. வேறு எவ்வாறு போகலாம் என்று எண்ணத் தொடங்கினான். 1923இல் அவர் வெளியிட்ட நூல், கோள்களிடைப் பயணத்திற்கு இராக்கெட்டே வழி என்று கணக்கோடு நிறுவிய நூல்களுள் ஒன்று. வெர்ன் சரியாக எழுதியிருந்தால் ஓபெர்த் வியந்து படித்துவிட்டுத் தூங்கியிருப்பார் என்று எனக்குச் சில வேளை தோன்றும்.

பீரங்கியை நீட்டினால் என்ன என்று கேட்கலாம். மனிதன் எளிதில் தாங்கக்கூடிய நான்கு மடங்கு ஈர்ப்புக்குள் முடுக்கத்தை அடக்கினால், பீரங்கியின் நீளம் 1,540 கிலோமீட்டர் ஆகிறது. அடிப்பாகத்தைக் குமரிமுனையில் வைத்தால் வாய் வேங்கடத்தைக் கடந்து, நாகபுரியையும் தாண்டிவிடும். இராக்கெட்டு என்பது இந்த நீண்ட பீரங்கியே. இரும்பால் செய்யாமல், காலத்தால் செய்தது. வேகத்தை ஒரே அடியில் கொடுக்காமல், எரிபொருளைச் சிறிது சிறிதாக எரித்து, நிமிடக் கணக்கில் கொடுக்கிறது. 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எழுந்த இராக்கெட்டு, ஏறத்தாழ 16 நிமிடங்களில் சந்திரயான்-3ஐப் பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் விட்டது.

ஸ்ரீஹரிகோட்டா 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்திற்கு வந்தது. புலிகாட் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் அந்தத் தீவில் 1971 அக்டோபரில் முதல் ரோகிணி ஆய்வு இராக்கெட்டு பறந்தது. ஏன் அவ்விடம்? வெர்னும் இடத்தேர்வில் பல பக்கங்களைச் செலவிட்டு, 28 பாகை அட்சத்திற்குள் இருக்கவேண்டும் என்று புளோரிடாவில் போய் நின்றார். சந்திரன் தலைக்கு நேர்மேலே வரவேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். நடைமுறைக் காரணம் வேறு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், ஸ்ரீஹரிகோட்டாவில் நிற்கும் இராக்கெட்டு, நெருப்பு மூட்டுமுன்பே நொடிக்கு 450 மீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேகம் இலவசம். கழன்று விழும் பகுதிகளை ஏற்கக் கிழக்கே கடலும் இருக்கிறது.

வெர்னின் குண்டு காற்றுமண்டலத்தை ஏறக்குறைய ஒன்பது நொடியில் கடந்துவிடும். கதாசிரியருக்கு அங்கே வேலை இல்லை. நமக்கோ சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே காதங்கியில், அந்த ஒன்பது நொடித் தூரத்தை ஆராய்வதற்கென்றே 1,024 ஏரியல்கள் கொண்ட ராடார் நிற்கிறது. சாலையில் பேருந்தில் போகும் நம்மில் எத்தனை பேர் அதை அறிவோம்?

என் குடும்பம் வேலூரிலிருந்து பிழைப்புக்காகச் சித்தூருக்கு வந்தது. அங்கே ஞாயிறுதோறும் நாலைந்து தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. 1953இல் சித்தூர் ஆந்திரத்தோடு சேர்ந்ததிலிருந்து இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களின் நிலை இதுதான். வெர்னின் கதையை அவர்களுக்குத் தமிழில் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "அண்ணா, உள்ளே இருக்கிறவங்க நசுங்கிட மாட்டாங்களா?" என்றாள். மகிழ்ந்துபோய் முடுக்கத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவள் முகத்தில் ஒளி இல்லை. பேருந்து திடீரெனப் புறப்படும்போது பின்னால் சாய்வதைச் சொன்னதும், "ஓ, த்வரணமா? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!" என்றாள். பொருள் தெரியும்; தமிழ்ச் சொல் தெரியாது. அவளுக்குத் தமிழ் என்பது சோறு கேட்கவும் தம்பியைத் திட்டவும் உள்ள மொழி. அறிவு வேறு மொழியில் இருக்கிறது. முடுக்கம் என்ற சொல்லைப் பட்டியலில் எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னால் அடுத்த ஞாயிறு மறந்திருப்பாள். நசுங்கிப்போகும் மூன்று பேரோடு சேர்ந்து வந்ததால் அந்தச் சொல் தங்கிவிட்டது.

அவள் இன்னொன்றும் கண்டாள். பயணத்தில் ஒரு நாய் இறந்துவிட, உடலை வெளியே எறிகிறார்கள். அது பின்தங்காமல் குண்டின் பக்கத்திலேயே கூட வருகிறது. இது முற்றிலும் சரி. இரண்டும் ஒரே ஈர்ப்பில் ஒரே விதமாக விழுகின்றன. ஆனால் உள்ளே இருப்பவர்கள் மட்டும் தரையில் கால் பதித்து நடக்கிறார்கள். பூமி, சந்திரன் இரண்டின் இழுப்பும் சமமாகும் ஓரிடத்தில்தான் மிதக்கிறார்களாம்! "நாய்க்கு ஒரு நியாயம், மனுஷனுக்கு ஒரு நியாயமா?" என்றாள். எடையின்மையை இதைவிடச் சுருக்கமாக விளக்கும் பாடப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

பின்வந்த கதைகளைச் சற்று விரைந்தே பார்க்கலாம். அமெரிக்கரான இராபர்ட் ஹைன்லைன் 1947இல் எழுதிய சிறுவர் நாவலில், மூன்று இளைஞர்கள் ஒரு விஞ்ஞானியோடு இராக்கெட்டைச் சீர்செய்து சந்திரனுக்குப் போகிறார்கள். அங்கே நாஜிகள் ஒளிந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சோதனைகளில் அவர்கள் காட்டும் பொறுமை பிடிக்கிறது. ஐசக் அசிமோவ் வேறு பெயரில் எழுதிய வரிசையில், 1954இல் வந்த நூல் வெள்ளிக் கோளைக் கடல்மயமாகக் காட்டுகிறது. வெள்ளியின் தரை ஈயம் உருகும் வெப்பமுடையது என்று பிற்பாடு தெரிந்தது. அசிமோவ் கதையை மாற்றவில்லை. மறுபதிப்பில் உண்மையைச் சொல்லும் முன்னுரை ஒன்றைச் சேர்த்தார். இதுவே விஞ்ஞானியின் நேர்மை. வங்காளத்தில், ககாரின் பூமியை வலம்வந்த அதே 1961இல், சத்யஜித் ராய் தம் சந்தேஷ் இதழில் பேராசிரியர் ஷோங்குவைச் செவ்வாய்க்கு அனுப்பினார். நியூட்டன் என்ற பூனையும் கூடப் போயிற்று.

நம் சிறுவர்க்கும் 1947 முதல் அம்புலிமாமா இருந்தது; தெலுங்கில் அதுவே சந்தமாமா. நிலவின் பெயரைச் சூடிய அந்த இதழில் வேதாளமும் அரசர்களும் நிறைந்திருந்தனர். நிலவுக்குப் போகும் வழியை அதில் தேடிப் பயனில்லை. விமானம் எங்கள் முன்னோரிடம் இருந்தது என்று சீவகசிந்தாமணியின் மயிற்பொறியைக் காட்டுவோரும் உண்டு. எனக்கு அவ்வாதம் உவப்பில்லை. ஆயினும் திருத்தக்க தேவர் ஒன்று செய்தார்: பொறியை வலப்புறம் திருப்பினால் எழும், இடப்புறம் திருப்பினால் இறங்கும் என்று இயக்கும் முறையைச் சொன்னார். மந்திரம் என்று விட்டுவிடவில்லை. தமிழில் இன்று எழுதவேண்டிய சிறுவர் கதைக்கு அந்த ஒரு குணம் போதும். கருப்பொருளுக்குப் பஞ்சமா? சந்திரயான் கலங்களின் சோதனைக்கு, நிலவின் மண்ணை ஒத்த மண் நாமக்கல் மாவட்டப் பாறையிலிருந்து செய்யப்பட்டதே, அது ஒன்று போதாதா?

வெர்னின் மூவர் சந்திரனில் இறங்கவே இல்லை. சுற்றிவிட்டுப் பசிபிக் கடலில் வந்து விழுந்தார்கள். வியப்பு என்னவென்றால், இறங்கும்போது வேகத்தைத் தணிப்பதற்கென்று அவர்கள் கையில் இராக்கெட்டுகள் இருந்தன. காற்றில்லாத வெளியிலும் அவை எரியும் என்று வெர்ன் அறிந்திருந்தார். அவர் எண்ணிய அதே வேலையை 2023 ஆகஸ்டு 23 மாலை விக்ரம் செய்துகாட்டியது: நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, ஏறத்தாழ 19 நிமிடங்களில் நின்றுவிட்டது. இந்தக் கணக்கைச் சித்தூர்ச் சிறுமியிடம் கொடுத்தேன். சராசரி ஏறத்தாழ ஒன்றரை என்று வந்தது. முன்னால் கழித்தல் குறியைப் போட்டுவிட்டு, "அண்ணா, இதுக்குத் தமிழில் என்ன பேர்?" என்றாள். எதிர்முடுக்கம் என்றேன். எழுதிக்கொண்டாள். நிலவின் ஈர்ப்பையும் தாங்கி இறங்கவேண்டுமே, அதற்கு எவ்வளவு என்ற கணக்கை அடுத்த ஞாயிற்றுக்கு வைத்திருக்கிறோம்.